பால்மானி பாதிதான் சொல்லும்

பால் சொசைட்டியில் விலையைப் பற்றி நடக்கிற பேச்சைவிட டிகிரியைப் பற்றி நடக்கிற பேச்சுதான் அதிகம். "எனக்கு எத்தன டிகிரிங்க?" என்று கேட்காமல் தூக்குப்போசியைத் திரும்ப வாங்கிப் போகிறவர் எங்கள் பக்கத்தில் யாருமில்லை. 28 என்றால் முகம் மலர்ந்துவிடும். 26 என்றால் "நேத்து 28 வந்துச்சே" என்பார்கள். 25 என்று வந்துவிட்டால் வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தண்ணீர் கலந்துவிட்டார் என்று அந்தப் பார்வையிலேயே தீர்ப்பு எழுதியாகிவிடும்.

ஈரோட்டுப் பக்கத்துக் கிராமச் சங்கம் ஒன்றில் டெஸ்டராகச் சேர்ந்தவன் நான். பிறகு அங்கேயே செயலராக இருந்தேன். இப்போது புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பரிசோதனை சொல்லிக்கொடுக்கிறேன். அடர்த்தி என்றால் என்ன என்று கேட்டால் எல்லாரும் உடனே சொல்லிவிடுகிறார்கள்: நிறையைப் பருமனால் வகுக்க வேண்டும். அடுத்ததாக நான் கேட்கிற கேள்வியில்தான் தடுமாற்றம் வருகிறது. "ஒரு மாட்டுப் பாலில் கொழுப்பு கூடினால் பால்மானியில் டிகிரி ஏறுமா, இறங்குமா?" பெரும்பாலும் எல்லாரும் "ஏறும்" என்கிறார்கள். இறங்கும் என்பதுதான் சரி. இந்த ஒரு விடை மனத்தில் நன்றாகப் பதியாமல் பால்மானியைக் கையில் எடுக்கிறவர், நல்ல மாடு வைத்திருக்கிறவரைச் சந்தேகப்படுவார், வெண்ணெய் எடுத்த பாலைக் கொண்டுவருகிறவருக்கு நல்ல பேர் கொடுப்பார்.

பால்மானி மிக எளிய கருவி. கீழே ஈயக்குண்டு அடைத்த கண்ணாடிக் குமிழ், அதற்கு மேல் காற்றடைத்த உடல், உச்சியில் மெல்லிய தண்டு. தண்டுக்குள் கோடுகள் அச்சடித்த காகிதச் சுருள். மிதக்கிற எந்தப் பொருளும் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை ஒதுக்கித்தான் மிதக்கிறது. ஆர்க்கிமிடீஸ் 2200 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டுப் போன விதி இது. பால்மானியின் எடை மாறுவதில்லை. ஆகவே எந்தத் திரவத்தில் போட்டாலும் அது ஒதுக்க வேண்டிய எடையும் ஒன்றேதான். கனமான திரவம் என்றால் கொஞ்சம் ஒதுக்கினாலே அந்த எடை வந்துவிடும், கருவி உயர்ந்து நிற்கும். லேசான திரவம் என்றால் நிறைய ஒதுக்க வேண்டும், கருவி அமிழும். அதனால்தான் சின்ன எண்கள் தண்டின் மேலேயும் பெரிய எண்கள் கீழேயும் இருக்கின்றன. தண்டை ஏன் அவ்வளவு மெல்லியதாகச் செய்கிறார்கள் என்றால், பருமன் கொஞ்சம் மாறினாலும் தண்டில் அது நீளமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. 28 என்று காட்டினால், ஒரு குறிப்பிட்ட அளவு தண்ணீர் 1000 கிராம் என்றால் அதே அளவு பால் 1028 கிராம் என்று பொருள். முன்னால் இருக்கிற 1.0 எல்லாப் பாலுக்கும் பொது என்பதால் அதை விட்டுவிட்டுக் கடைசி இரண்டு எண்ணைத்தான் டிகிரி என்கிறோம்.

அந்த 28 கிராம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டுவேன். 100 கிராம் பசும்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கொழுப்பு 4.3 கிராம். புரதம், பாலில் உள்ள சர்க்கரை, உப்புகள் எல்லாம் சேர்ந்த மற்றத் திடப்பொருள், அதாவது எங்கள் பாஷையில் எஸ்.என்.எஃப்., 8.3 கிராம் அளவுக்கு. மீதி 87.4 கிராம் தண்ணீர். கொழுப்பின் அடர்த்தி 0.93. அந்த 4.3 கிராம் ஏறக்குறைய 4.6 மில்லி இடத்தைப் பிடிக்கும். தன் எடையைவிட அதிக இடம். எஸ்.என்.எஃப்.பின் அடர்த்தி 1.6க்குச் சற்று மேல். 8.3 கிராமுக்கு 5.1 மில்லி இடமே போதும். தன் எடையைவிட வெகு குறைவு. தண்ணீர் 87.4 மில்லி. மூன்றையும் கூட்டினால் 97.1, 97.2 மில்லி. 100 கிராம் பாலை அந்த இடத்தால் வகுத்தால் 1.029 பக்கம் வந்து நிற்கும். பால்மானி காட்டுவதும் அதைத்தான்.

இந்தக் கணக்கை ஒருமுறை தன் கையால் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு அடர்த்தி விளங்கிவிடும். எஸ்.என்.எஃப். டிகிரியை மேலே இழுக்கிறது. கொழுப்பு கீழே இழுக்கிறது. இரண்டும் இழுத்த பிறகு மிஞ்சுகிற ஒரே ஓர் எண்ணைத்தான் நாம் தண்டில் படிக்கிறோம். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று மொத்தத்தை மட்டும் சொன்னால், யார் எவ்வளவு கொடுத்தார் என்று எப்படித் தெரியும்? பால்மானியின் நிலையும் அதுதான்.

கெட்டியாக இருப்பது வேறு, அடர்த்தியாக இருப்பது வேறு என்பதை ஊரில் புரியவைப்பது எளிதல்ல. பாலாடை கரண்டியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஊற்றினால் மெதுவாகத்தான் விழும். பார்க்கிற கண்ணுக்கு அது கனமான பொருள். ஆனால் பாதிக்குப் பாதி கொழுப்புள்ள ஆடையைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும். கடலை எண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டி, ஆனால் தண்ணீருக்கு மேல்தான் நிற்கும். கடையில் வாங்குகிற 1 லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 910 கிராம் என்று அச்சடித்திருக்கும். மறுபுறம் ஆடையை முழுக்க எடுத்துவிட்ட பால் தண்ணீர் மாதிரி ஓடும். நீலம் பாய்ந்து வெளிறிக் கிடக்கும். அதில் பால்மானியைப் போட்டால் 35, 36 என்று காட்டும். பார்வைக்கு மோசமான பாலுக்குத்தான் டிகிரி அதிகம்.

இந்தச் சூட்சுமம் தெரிந்தவர்கள் ஊரில் எப்போதும் சிலர் இருந்தார்கள். நான் டெஸ்டராக இருந்த காலத்தில் ஒருவருடைய பால் மழையோ வெயிலோ 28க்குக் குறையாது. சங்கத்தில் அவர் பாலுக்குத் தனி மரியாதை. அப்போது எங்கள் பக்கத்தில் பல இடங்களில் பால்மானி ஒன்றை வைத்தே பால் வாங்கினார்கள். கொழுப்புப் பரிசோதனை தினமும் நடக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அவருடைய கொழுப்பு 2.1 என்று வந்தது. கணக்கு இப்படி: 4.3 கொழுப்பும் 28 டிகிரியும் உள்ள பாலில் பாதிக்கு மேல் கொழுப்பை எடுத்துவிட்டால் டிகிரி 30க்கு மேல் ஏறிவிடும். ஏறியதைப் பழையபடி இறக்க நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு தண்ணீர் போதும். வெண்ணெயும் வீட்டில் நின்றது, தண்ணீரும் பாலாக விலைபோனது, பால்மானியும் 28 என்றே சொன்னது. தண்ணீர் மட்டும் ஊற்றியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார். நூற்றுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்தால் டிகிரி ஏறக்குறைய 3 இறங்கும். எந்தப் பால்மானியும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைக் காட்டாமல் மறைத்தது அவர் எடுத்த வெண்ணெய்.

இரண்டு தெரியாத எண் இருந்தால் இரண்டு அளவு வேண்டும். இரண்டாவது அளவைக் கொடுத்தவர் சுவிட்சர்லாந்துக்காரரான நிக்லாஸ் கெர்பர். 1891இல் அவர் கொண்டுவந்த முறையைத்தான் எங்கள் சங்கங்கள் நெடுங்காலம் பயன்படுத்தின. அதற்கு முந்தின ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்டீபன் பாப்காக் இதே நோக்கத்தில் ஒரு முறையைச் சொல்லியிருந்தார், அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. இரண்டிலும் வேலை செய்வது அடர்த்திதான். கெர்பர் பரிசோதனையைக் கையால் செய்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவைக்க விரும்புகிறேன்.

பியூட்டிரோமீட்டர் என்பது ஒரு பக்கம் அகன்று, மறுபக்கம் கோடு போட்ட மெல்லிய தண்டாக முடிகிற கண்ணாடிக் குழாய். அதில் முதலில் 10 மில்லி கந்தக அமிலம் விட வேண்டும். வாயால் உறிஞ்சக் கூடாது. சாய்த்தால் அளவாக விழுகிற குப்பி அதற்கென்றே உண்டு. அடுத்து 10.75 மில்லி பால். பிப்பெட்டின் முனையைக் குழாயின் உட்சுவரில் சாய்த்து வைத்து, பால் சுவரோடு வழிந்து இறங்கும்படி விட வேண்டும். அமிலத்தின் அடர்த்தி 1.8க்கு மேல், பாலின் அடர்த்தி 1.03. பக்குவமாக விட்டால் பால் அமிலத்துக்குள் விழாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் தொடுகிற இடத்தில் பழுப்பு நிறத்தில் மெல்லிய வளையம் ஒன்று விழும். அதற்கு மேல் 1 மில்லி அமைல் ஆல்கஹால். அதன் அடர்த்தி 0.81. இப்போது குழாய்க்குள் அடியில் நிறமற்ற அமிலம், நடுவில் வெள்ளைப் பால், உச்சியில் விரல்நகம் அகலத்துக்கு ஆல்கஹால் என்று மூன்றும் தனித்தனியாக நிற்கும். புதிய பிள்ளைகளை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். அடர்த்தி என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற காட்சி எங்கள் வேலையில் வேறு இல்லை.

பிறகு ரப்பர் அடைப்பானை இறுக்கி, துணியில் சுற்றிக் குலுக்க வேண்டும். அமிலமும் பாலில் உள்ள தண்ணீரும் சேர்ந்ததும் குழாய் கை பொறுக்காத அளவுக்குச் சுடும். புரதம் கரைந்து எல்லாம் ஒரே கரும்பழுப்பாக மாறிவிடும். கொழுப்பு மட்டும் கரையாது. அதைச் சூழ்ந்திருந்த புரத உறை போய்விட்டது, சுற்றியுள்ள திரவமோ அமிலம் சேர்ந்து பாலைவிட வெகு கனமாகிவிட்டது. லேசான கொழுப்பு மேலே ஏறியே ஆக வேண்டும். அதன் வேகத்தைக் கூட்டத்தான் குழாய்களைச் சுழலும் மெஷினில் வைத்து நிமிடத்துக்கு 1100 சுற்று வேகத்தில் நாலைந்து நிமிடம் சுற்றுகிறோம். எங்கள் முதல் மெஷின் கைப்பிடியால் சுற்றுவது. வேகம் சீராக வரப் பழக வேண்டும், தோள் வலிக்கும். சுற்றி முடித்துக் குழாய்களை 65 டிகிரி வெந்நீரில் வைத்து எடுத்தால், தண்டுக்குள் தேன்நிறத்தில் தெளிந்த கொழுப்பு நிற்கும். அதன் அடிக்கோட்டை முழு எண் ஒன்றில் நிறுத்தி மேல்விளிம்பைப் படித்தால் கொழுப்பு எத்தனை விழுக்காடு என்று தெரிந்துவிடும்.

தண்டில் கோடு போட்டதிலும் அடர்த்திக் கணக்கு இருக்கிறது. 10.75 மில்லி பாலின் எடை ஏறக்குறைய 11 கிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு 0.11 கிராம். 65 டிகிரிச் சூட்டில் அவ்வளவு கொழுப்பு பிடிக்கிற இடம் 0.125 மில்லி. ஒரு பெரிய கோட்டுக்கும் அடுத்த பெரிய கோட்டுக்கும் இடையே தண்டின் கொள்ளளவு அதுதான். வெந்நீர் ஆறிய பிறகு படித்தால் கொழுப்பு சுருங்கி எண் குறைந்து வரும். அந்த இழப்பு பால் ஊற்றியவரின் பையிலிருந்துதான் போகும். வெந்நீர்த் தொட்டியின் சூட்டைப் பார்க்காமல் அவசரமாகப் படிப்பதை நான் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொண்டதில்லை.

டிகிரியும் கொழுப்பும் கைக்கு வந்துவிட்டால் மூன்றாவது எண் கணக்கில் கிடைத்துவிடும். இங்கிலாந்தின் பால் வேதியியலாளர் ஹென்றி டிரூப் ரிச்மண்ட் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சொன்ன சூத்திரத்தின் வழிவந்ததுதான் எங்கள் சூத்திரம். டிகிரியை 4ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். கொழுப்பை 0.21ஆல் பெருக்கி அதோடு கூட்ட வேண்டும். பிறகு 0.36 சேர்க்க வேண்டும். டிகிரி 28, கொழுப்பு 4.3 என்றால் எஸ்.என்.எஃப். 8.26. கூட்டுகிற எண்கள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். ஆனால் கொழுப்பைக் கழிக்காமல் ஏன் கூட்டுகிறோம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கொழுப்பு டிகிரியைக் கீழே இழுத்திருக்கிறது. இழுத்த அளவைத் திருப்பிக் கொடுத்தால்தான் எஸ்.என்.எஃப்.புக்கு அதன் நியாயமான மதிப்பு கிடைக்கும். வெண்ணெய் எடுத்த நம்ம ஆளின் பாலை இதே சூத்திரத்தில் போட்டால் 7.8 வரும். 28 டிகிரி அப்போது அவரைக் காப்பாற்றாது.

கறக்கிற விதமும் இதில் சேரும். மடியில் முதலில் வருகிற பாலில் கொழுப்பு குறைவு. கடைசியில் ஒட்டக் கறக்கிற பாலில் அதைப்போலப் பல மடங்கு கொழுப்பு இருக்கும். கன்றுக்குக் கடைசிப் பாலை விடுகிற வீட்டுப் பாலில் டிகிரி நன்றாக இருக்கும், கொழுப்பு அடிவாங்கும். முதலில் கன்றை ஊட்டவிட்டுப் பிறகு ஒட்டக் கறக்கிற வீட்டில் இது தலைகீழ். ஒரே மாடு, ஒரே தீவனம். யாரும் எதையும் கலக்கவில்லை.

இனி சூட்டின் கதை. எங்கள் பால்மானிகள் 27 டிகிரி செல்சியஸில் சரியாகக் காட்டும்படி செய்தவை. சூடு ஏறினால் பால் விரியும், அதே எடை அதிக இடத்தைப் பிடிக்கும், அடர்த்தி குறையும். கைக்கணக்காக, சூட்டில் ஒரு டிகிரி கூடினால் பால்மானியில் 0.2 குறையும் என்று வைத்துக்கொள்வோம். மார்கழி விடியற்காலையில் தோட்டத்திலிருந்து வண்டியில் வருகிற பால் 20 டிகிரிக்கு ஆறிப்போயிருக்கும். பால்மானி 29.5 காட்டும். சங்கத்துக்கு எதிர்வீட்டு அம்மா கறந்த சூட்டோடு கொண்டுவருகிற பால் 34 டிகிரி, பால்மானி 26.5 காட்டும். திருத்தம் போட்டால் முதல் பால் 28.1, இரண்டாவது பால் 27.9. இரண்டும் ஒன்றுதான். திருத்தம் போடாமல் சொன்னால் எதிர்வீட்டு அம்மா மூன்று டிகிரிக்குத் தண்ணீர் ஊற்றினவர் ஆகிவிடுவார். பக்கத்து வீடு என்பதற்காக ஒருவர் கெட்ட பெயர் வாங்குவது எவ்வளவு பெரிய அநியாயம்! தெர்மாமீட்டர் உடைந்துபோய் மாதக்கணக்கில் வாங்காமல் வெறும் பால்மானியை வைத்துக் காலந்தள்ளிய சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் சண்டை ஓய்ந்ததே இல்லை.

கறந்தவுடனே அளப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சூட்டுத் திருத்தம் போட்ட பிறகும் புதுப்பால் சற்றுக் குறைத்துத்தான் காட்டும். சில மணி நேரம் போனால் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை தானாக ஏறும். பீய்ச்சும்போது பாலில் புகுந்த நுண்ணிய காற்றுக் குமிழ்கள் மெல்ல வெளியேறுவது ஒரு காரணம். உருகிய நிலையில் இருக்கும் கொழுப்பு ஆற ஆற இறுகிச் சுருங்குவது மற்றொன்று. அதனால் சந்தேகமான பாலை உடனே ஒதுக்கிவிடாமல், மாதிரி எடுத்து 40 டிகிரிக்குச் சூடாக்கி, சில நிமிடம் வைத்திருந்து, 27க்கு ஆற்றி மறுபடி அளக்க வேண்டும். வரிசை நீளமாக இருந்தாலும் மாதிரி புட்டியில் பெயரெழுதி வைத்துவிட்டுப் பிறகு செய்யலாம்.

அளக்கிற கைக்கும் பக்குவம் வேண்டும். பாலை ஜாடியின் சுவரோடு ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் நுரை தண்டை மறைக்கும். ஜாடி வழியும்வரை ஊற்ற வேண்டும். பால்மானியை விட்டுவிடாமல் கையோடு கொண்டுபோய் மிதக்கிற இடத்தில் லேசாகத் திருகி விட வேண்டும். சுவரைத் தொட்டு நிற்கிற கருவி பொய் சொல்லும். முதல் முக்கில் ஆழமாக மூழ்கித் தண்டு முழுக்கப் பால் ஒட்டினால் அந்தப் பாலின் எடையும் கருவியோடு சேர்ந்துகொள்ளும், எண் குறையும். முந்தினவர் பாலின் கொழுப்புப் பிசுக்கு தண்டில் இருந்தாலும் அப்படித்தான். நீரைப்போல் பாலுக்குள் ஊடுருவிப் பார்க்க முடியாது என்பதால், தண்டை ஒட்டிப் பால் ஏறி நிற்கிற மேல்விளிம்பில் படிக்க வேண்டும். இத்தனையும் செய்ய நன்றாகப் பழகிய கைக்கு அரை நிமிடம் பிடிக்கும்.

லிட்டரும் கிலோவும் தனிச் சண்டை. சங்கத்தில் லிட்டரில் வாங்கிக் குளிர்விப்பு நிலையத்தில் கிலோவில் எடை போட்டார்கள். 100 லிட்டர் அனுப்பினால் ரசீதில் 102.8 கிலோ என்று வரும். கூட வந்த 2.8ஐ யார் எடுத்துக்கொண்டார்கள் என்று மகாசபையில் கேள்வி எழுந்தது. யாரும் எடுக்கவில்லை, பாலின் அடர்த்தி அப்படி என்று சொல்லிப் பார்த்தோம், நம்பவில்லை. பிறகு ஒரு லிட்டர் படியில் தண்ணீரையும் பாலையும் அடுத்தடுத்து அளந்து எல்லார் முன்னாலும் தராசில் வைத்துக் காட்டியதும் பேச்சு அடங்கியது. நுரையோடு அளந்தால் லிட்டருக்குள் காற்றும் சேரும், தராசில் வைத்தால் அந்தக் குழப்பம் இல்லை. ஆகவே எடை போட்டு வாங்குவதையே நான் ஆதரிக்கிறேன்.

எல்லாவற்றையும் விட என் மனத்தில் நிற்பது ஒரு மாட்டின் விஷயம். கணவனை இழந்து ஒரே ஒரு கலப்பின மாட்டை நம்பிக் குடும்பம் நடத்திய அக்கா ஒருவர். அவருடைய பால் சில நாளாக 25.5, 26 என்றே வந்தது. திருத்தம் போட்டும் ஏறவில்லை. சங்கத்தில் பொறுப்பில் இருந்த ஒருவர் எல்லார் முன்னாலும், "தண்ணி ஊத்தற பாலை நாளைக்குக் கொண்டுவர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அந்த அக்கா பதில் பேசவில்லை. போசியைக் கழுவிக்கொண்டு போனவர் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். "ஏனுங் தம்பி, நீங்களே வந்து கறந்து பாருங்க. எம்பட மாடு பொய் சொல்லுதா நான் பொய் சொல்றனான்னு தெரிஞ்சு போயிரும்" என்றார்.

மறுநாள் விடியலில் இயக்குநர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு அவருடைய கொட்டகைக்குப் போனேன். சந்தேகம் வந்தால் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று கறக்கச் சொல்லி மாதிரி எடுப்பது முறையான பரிசோதனை. அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். காலிப் பாத்திரத்தை நாங்களே கவிழ்த்துப் பார்த்துக் கொடுத்தோம். எங்கள் கண் முன்னால் கறந்த பாலும் ஆற்றி அளந்தபோது 26தான். பிறகு ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணியின் மேல் விட்டுப் பார்த்தேன். மூன்று காம்பில் சுத்தமான பால். பின்னங்கால் பக்கத்து ஒரு காம்பில் மட்டும் துணியின்மேல் தயிர்த்துளி மாதிரி சின்னச் சின்னத் திப்பிகள் நின்றன. கையால் தொட்டபோது அந்தப் பக்க மடி கொஞ்சம் சூடாக இருந்தது. மடிநோய். வெளியே வீக்கம் தெரிகிற அளவுக்கு முற்றவில்லை, அதனால் அந்த அக்காவுக்கும் தெரியவில்லை. மடிநோய் வந்த மாட்டின் பாலில் சர்க்கரைச் சத்து குறைந்து எஸ்.என்.எஃப். இறங்கும், டிகிரியும் கூடவே இறங்கும். கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார். மருந்து உடம்பில் இருந்த நாள்கள் முடியும்வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்ற வேண்டாம் என்று நிறுத்திவைத்தோம். திரும்ப ஊற்ற வந்தபோது 27.5, பிறகு 28. பழி சொன்னவரைச் சங்கக் கூட்டத்தில் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வைத்தோம். அதை இன்றும் சரியான காரியம் என்றே நினைக்கிறேன்.

மடிநோய் மட்டும் அல்ல. தீவனம் போதாத கோடையில், வெறும் காய்ந்த சோளத்தட்டைப் போட்டு ஓட்டுகிற வீட்டில், மாட்டுக்கு எஸ்.என்.எஃப். தானாகவே குறையும். கன்று போட்டதும் முதலில் கறக்கிற சீம்பாலோ 50க்கும் மேல் காட்டும். மாட்டுக்குள்ளே நடக்கிற எல்லாமும் அந்த ஓர் எண்ணில் வந்து கலக்கிறது.

ஏமாற்றுகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் ஊற்றி இறங்கிய டிகிரியை ஏற்ற உப்பு, சர்க்கரை, மாவு, யூரியா என்று எதையாவது கரைக்கிறவர்கள் உண்டு. அடர்த்திக்கு எந்தத் திடப்பொருள் கரைந்தது என்ற பேதம் தெரியாது. மாவு கலந்தால் அயோடின் சொட்டு நீலமாக்கிக் காட்டிவிடும். மற்றவற்றுக்கும் தனித்தனிச் சோதனை இருக்கிறது. தண்ணீரைப் பிடிப்பதில் உறைநிலைச் சோதனை பால்மானியைவிடக் கூர்மையானது. கலப்படமில்லாத பால் பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய அரை டிகிரியில்தான் உறையும், தண்ணீர் சேரச் சேர உறைநிலை பூச்சியத்தை நோக்கி நகரும். இப்போது சங்கங்களில் மீயொலி அலையால் அளக்கிற எந்திரங்கள் வந்துவிட்டன. ஒரு கிண்ணம் பாலை வைத்தால் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் அச்சாகி வருகின்றன. அமிலத்தில் கை வேகாமல் வேலை நடக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எந்திரத்தையும் அவ்வப்போது பால்மானியோடும் கெர்பர் முறையோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்கத் தெரிந்த ஆள் ஒருவராவது ஒவ்வொரு சங்கத்திலும் இருக்க வேண்டும்.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் விற்கிற அரை லிட்டர் பால் பாக்கெட்டைச் சமையலறைத் தராசில் வைத்தால் உறையோடு சேர்த்து 515 கிராமுக்குச் சற்று மேலே காட்டும். அதே அளவு எண்ணெய் 455 கிராம்தான் இருக்கும். வகுப்பில் பிள்ளைகளையே எடை போட்டு வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பாலைக் காய்ச்சி ஆடையை எடுத்துவிட்டு, மீதிக்கு அடர்த்தி கூடுமா குறையுமா என்று கேளுங்கள்.

சங்கத்தில் பால் ஊற்றுகிறவர்களுக்கும் சொல்கிறேன். பால்மானிக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வாங்கிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். டிகிரி குறைவு என்று யாராவது சொன்னால், அன்றைய பாலின் சூடு எத்தனை, கொழுப்பு எத்தனை என்று கேட்டு இரண்டையும் உங்கள் பால் அட்டையில் எழுதி வாங்குங்கள். மூன்று எண்ணும் கையில் இருந்தும் சந்தேகம் தீராவிட்டால், உங்கள் கொட்டகைக்கே வந்து நேரில் கறந்து அளக்கச் சொல்லுங்கள்; அப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.